கன்னையாவுக்கு ஒரு கொடி

மலேசியப் பட்டாளத்தின் சரித்திரத்தை நாகையாவிடம் கேட்டால் தலைகீழாகச் சொல்வார். முப்பத்து மூன்றாம் வருஷம் போர்ட் டிக்சனில் இருபத்தைந்து பையன்களை வரிசையில் நிறுத்தி வெள்ளைக்காரன் இடது வலது சொல்லிக் கொடுத்ததில் தொடங்குவார். ஜப்பான்காரன் வந்தபோது சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் மேட்டைவிட்டு நகராமல் நின்று செத்தவர்களைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். பன்னிரண்டு வருஷ அவசரகாலம், காங்கோ, இந்தோனேசியாவோடு நடந்த மோதல், தாய்லாந்து எல்லைக்காட்டில் இருபது வருஷம் இழுத்த இரண்டாம் கம்யூனிஸ்ட் போர், பிறகு ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு கம்போடியா, சோமாலியா, போஸ்னியா, லெபனான் என்று போய்க்கொண்டே இருப்பார். எந்த வருஷம் எந்தத் துப்பாக்கி கைக்கு வந்தது, எந்தக் கவச வண்டி எந்த மணலில் புதைந்தது, எல்லாம் விரல்நுனியில். கேட்கிறவனுக்கு வாயில் ஈ போவது தெரியாது.

வயது அறுபத்தெட்டு. கிள்ளான்காரர். இருபத்தோரு வருஷம் பட்டாளத்தில் இருந்து கோப்ரலாக வெளியே வந்தவர். சோமாலியாவிலும் போஸ்னியாவிலும் நின்றவர், மார்பில் குத்திக்கொள்ள ஐந்து பதக்கம் உள்ளவர். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் போதும், பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், வாலிபர் மன்றம் என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். மனுஷன் எங்கேயும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

அன்று சனிக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் பேச்சு. எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். போஸ்னியாவின் பனியில் நம் பையன்கள் சம்பலுக்கு ஏங்கிய கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் கைப்பேசி மூன்றாவது தடவையாக அதிர்ந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தார்.

“அங்கிள், லோகன் பேசறேன்” என்றது குரல். பழைய பட்டாளத்துக் கூட்டாளி கன்னையாவின் மகன். போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவன். “அப்பா போயிட்டாரு. காலையில ஒம்பது மணிக்கு.”

கன்னையாவுக்கு இனிப்பு நீர் வியாதி. இரண்டு வருஷமாக வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்தவர். எதிர்பார்த்த சாவுதான். நாகையா சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

“நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கறோம், சிம்பாங் லீமா சுடுகாட்டுக்கு” என்றான் லோகன். “அப்பா ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு அங்கிள். பெட்டி மேல கொடி போடணுமாம். பட்டாளத்துச் சாவுக்கு ஊதற பியூகிள் ஊதணுமாம். அதுக்கெல்லாம் எங்க போறதுப்பா, ஃபாரம் கீரம்னு ஆயிரம் கேப்பாங்க லான்னு சொன்னேன். ‘நாகையாகிட்ட சொல்லு. அவன் நெனச்சா நடக்கும்’னாரு.”

நாகையா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவன் நினைத்தால் நடக்கும். நாற்பத்தாறு வருஷத்தில் கன்னையா அவரிடம் கேட்ட ஒரே காரியம் அதுதான். அதையும் நேரில் கேட்கவில்லை, மகன் மூலமாகத்தான் சொல்லிவிட்டிருக்கிறான்.

அப்படியே கிளம்பிப் போயிருந்தால் மனுஷன். இவர் என்ன செய்தார் தெரியுமா? முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். போஸ்னியாவில் விட்டிருந்தார், போஸ்னியாவை முடித்தார். லெபனானையும் முடித்தார். பொன்னாடையை வாங்கிக்கொண்டு டீயும் குடித்துவிட்டுத்தான் ரயிலேறினார்.

இந்த நாகையா சொல்லும் சரித்திரத்தில் ஒரு நாள் மட்டும் வராது. எழுபத்தெட்டாம் வருஷத்துத் தீபாவளி. கிள்ளான் வரைக்கும் ரயிலில் உட்கார்ந்து வந்தாரே, அந்த ஒரு மணி நேரமும் அந்த நாள்தான் எதிரே உட்கார்ந்திருந்தது. அவர் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன்.

கெரிக் ஊருக்கு வடக்கே தாய்லாந்து எல்லைக்காடு. பன்னிரண்டு பேர் ஒரு ஒற்றையடிப் பாதையை ஒட்டி மூன்று நாளாகப் பதுங்கிக் கிடந்தார்கள். அந்தப் பாதையில் கம்யூனிஸ்டுகள் வரப்போவதாகத் துப்பு. பதுங்கிக் கிடக்கும்போது சவர்க்காரம் கூடாது, பற்பசை கூடாது, சிகரெட் கூடாது, அடுப்பு கூடாது. காட்டில் வாடை காத தூரம் போகும், காட்டிலேயே வருஷக்கணக்கில் கிடப்பவன் மூக்குக்குத் தப்பாது என்று முதல் நாள் பயிற்சியிலேயே மண்டையில் ஏற்றியிருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் தமிழர்கள் இரண்டே பேர். ஒருவன் கன்னையா, கல்யாணமாகி நாலு மாதம். இன்னொருவன் நாகையா. அந்த வருஷம்தான் தாயைப் பறிகொடுத்தவன்.

கன்னையாவின் மனைவி வீரம்மா ஒரு புகையிலை டப்பாவில் கொஞ்சம் திருநீறும் கற்பூரமும் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தாள். அவன் அதைப் பையின் அடியில் வைத்திருந்தான், தொட்டதில்லை. தீபாவளிக்கு முன்தினம் நாகையா மெல்லக் கேட்டான். “ஒரே ஒரு துண்டு குடுடா. அம்மாவுக்குக் காட்டிட்டு உடனே அணைச்சிடறேன்.”

“பைத்தியமாடா நீ? வாடை போகும். ஊருக்குப் போய்ப் பத்துப் பாக்கெட்டு கொளுத்து, யார் வேணாங்கறா” என்றான் கன்னையா.

விடிவதற்கு முன் கன்னையா காவல் முறைக்குப் போனான். நாகையா அவன் பையைத் திறந்தான். ஒரு பெரிய மரத்தின் வேர்ப்பக்கம் ஒதுங்கி, ஒரு துண்டை வைத்துக் கொளுத்தி, வெளிச்சம் தெரியாமல் இரண்டு கையையும் குவித்து மூடிக்கொண்டு அம்மாவை நினைத்தான். அரை நிமிஷம்கூட இருக்காது. அணைத்துவிட்டு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தான். வேறு எந்த ஜாதிக்காரனுக்காவது இப்படி ஒரு புத்தி வருமா சொல்லுங்கள். பண்டிகை என்றால் கற்பூரம் காட்டாமல் நமக்கு விடியாதே.

வெளிச்சம் வந்தபோது அவர்களும் வந்தார்கள். வலைக்குள் வந்து விழ வேண்டியவர்கள் நாற்பது அடி முன்னாலேயே நின்றார்கள். முன்னால் வந்தவன் மூக்கை உயர்த்தினான். அவ்வளவுதான், பக்கவாட்டில் பரவி அவர்கள்தான் முதலில் சுட்டார்கள். ரம்லி என்ற கிளந்தான்காரன் அங்கேயே செத்தான். அடுத்த மாதம் கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தவன்.

முகாமுக்குத் திரும்பியதும் விசாரணை. வாடையை எல்லோரும் உணர்ந்திருந்தார்கள். பைகளைக் கொட்டினார்கள். டப்பா கன்னையாவின் பையிலிருந்து விழுந்தது. “உன்னுடையதா?” என்று கேட்டார் அதிகாரி. “ஆமாம்” என்றான். அது உண்மைதானே. “கொளுத்தியது நீயா?” என்று கேட்டார். கன்னையா பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நாகையாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். சொல்லுவான் என்று காத்திருந்தான். நாகையா நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கன்னையாவுக்கு எண்பத்து நாலு நாள் இராணுவச் சிறை, பிறகு வேலை நீக்கம். நாகையாவுக்கு அடுத்த வருஷம் பதவி உயர்வு, சட்டைக் கையில் ஒரு பட்டை. கன்னையா ஏன் காட்டிக் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். அது அவன் சுபாவம். தப்பு செய்தவன் வாயிலிருந்துதான் அது வரவேண்டும் என்று நினைத்தானோ என்னவோ. வரவில்லை.

அதற்கப்புறம் கன்னையா போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கு வாசலில் முப்பது வருஷம் ஜாகா வேலை பார்த்தான். பட்டாளத்து உடுப்பு போட்ட உடம்பில் காவலாளி உடுப்பு ஏறியது. முதலாளியின் கார் வந்தால் சல்யூட் அடித்தான், அதுவும் பட்டாளத்துச் சல்யூட், அப்பழுக்கு இருக்காது. நாகையா அணிவகுப்பில் பதக்கங்களோடு நடப்பதை வாசல் கொட்டகையிலிருந்த சின்ன டிவியில் பார்த்தான். சொந்தக்காரர்கள் வீரம்மாவைத்தான் குதறினார்கள். அவள் கொடுத்த கற்பூரம் ஓர் உயிரைக் காவு வாங்கிவிட்டது என்றார்கள். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கற்பூரம் காட்டினால் கன்னையா எழுந்து வாசலுக்குப் போய்விடுவான்.

நாகையா தீபாவளிக்குத் தீபாவளி ஒரு டின் முறுக்கோடு அந்த வீட்டுக்குப் போவார். ரொம்பப் பெரிய மனசு. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள், டோல் கட்டணத்தைப் பற்றிப் பேசுவார்கள். காட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் நாகையா பழைய பட்டாளத்தார் சங்கத்துக்குப் போனார். கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. தலைவர் முகுந்தன், வாரண்ட் ஆபிசராக ஓய்வு பெற்றவர், சட்டம் என்றால் சட்டம் என்கிற ஆள். சுவரில் வரிசையாகப் படங்கள். மூன்றாவது படம் நாகையாவுடையது, நீலத் தொப்பியோடு.

“சார், கன்னையா தவறிட்டான். ஒரு கொடி, பியூகிள் ஊத ஒரு ஆளு. அரை மணி நேர வேலை” என்றார் நாகையா.

முகுந்தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உங்களுக்குத் தெரியாத ரூல்ஸா நாகையா? நீக்கப்பட்ட ஆளு. அவனால ஒருத்தன் உயிர் போச்சு. ரம்லியோட தம்பி நம்ம மெம்பர், ஞாபகம் இருக்கா? நாளைக்கு அவரு வந்து ஏன் கொடி குடுத்தேன்னு கேட்டா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?”

“அவன்தான் கொளுத்தினான்னு யாரும் பாக்கலியே சார்.”

“பாக்கல. ஆனா டப்பா அவன் பையில இருந்துச்சு, அவனும் இல்லன்னு சொல்லல.” முகுந்தன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தார், அதன் மேல் பேனாவை வைத்தார். “நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல லா. அப்படி நடக்கலன்னு தெரிஞ்ச ஆளு யாராவது இருந்தா நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். என் பொறுப்புல இப்பவே கொடி தரேன். ஆனா யாரு இருக்கா? அந்தப் பன்னெண்டு பேர்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம்.”

நாகையா பேனாவை எடுத்தார். மேலே தேதியைப் போட்டார். நாற்பத்தாறு வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு அதை எடுத்து வெளியே வைக்க நாலே வரி போதும். அவர் சுவரைப் பார்த்தார். மூன்றாவது படம் இருக்குமா? அடுத்த வாரம் காஜாங் பள்ளிக்கூடத்தில் பேச்சு, பேத்தி படிக்கும் பள்ளிக்கூடம். ரம்லியின் தம்பி அணிவகுப்புக்கு அணிவகுப்பு கையைப் பிடித்து நலம் விசாரிக்கிறவர். பேனா தேதிக்குக் கீழே இறங்கவில்லை.

“யாராச்சும் இருக்காங்களான்னு பாக்கறேன் சார்” என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தால் எங்கே பார்த்தாலும் கொடி. சுதந்திர மாதம் அல்லவா? லோரிக்கு இரண்டு பக்கமும் கொடி, கோழிக்கடை வாசலில் கொடி, மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் சின்னதாய் ஒரு கொடி. ஊரே கட்டிக்கொண்டு திரிகிற கொடி கன்னையாவுக்கு மட்டும் கிடையாது. நாகையா சாலையோரத்தில் விற்றுக்கொண்டிருந்தவனிடம் இருப்பதிலேயே பெரியதாக ஒன்று வாங்கினார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். கள்ளனுக்கு ஆயிரம் வழி.

துக்க வீட்டில் கூடாரம் போட்டிருந்தார்கள். தேவாரம் பாடி முடிந்திருந்தது. நாகையா சீருடைத் தொப்பியோடும் பதக்கங்களோடும் வந்து இறங்கியதும் ஜனங்கள் வழிவிட்டார்கள். மூடிய பெட்டியின் மேல் கொடியை விரித்தார். நாலு மூலையையும் இழுத்து ஒரு சுருக்கம் இல்லாமல் சரிசெய்தார். பிறகு கைப்பேசியில் பியூகிள் ஓசையைத் தேடிப் போட்டார். முதலில் ஒரு ஷாம்பு விளம்பரம் ஓடியது. அது முடிந்த பிறகு பியூகிள் வந்தது. நாகையா விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

லோகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “தேங்ஸ் அங்கிள். அப்பா சொன்ன மாதிரியே செஞ்சிட்டீங்க.” பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வீரம்மா அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் முகுந்தன் வந்தார். சங்கத்தின் சார்பாக அல்ல, தெரிந்தவன் சாவுக்கு வருவது போல நாலு பழைய ஆட்களோடு வெறும் வெள்ளைச் சட்டையில் வந்தார். பெட்டியைப் பார்த்ததும் நின்றார். நாகையாவை அருகே அழைத்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனாலும் சாவு வீட்டில் எல்லாருக்கும் காது நீளம்.

“சங்கம் குடுத்த மாதிரி போட்டிருக்கீங்களே நாகையா. யாராவது வந்து எழுதிக் குடுத்தாங்களா?”

லோகன் பார்த்தான். வீரம்மா பார்த்தாள். நாலு பழைய ஆட்களும் பார்த்தார்கள். தேதி மட்டும் போட்ட தாள் சட்டைப்பையில், பதக்கங்களுக்கு நேர் பின்னால் இருந்தது. ‘நான்தான் சார்’ என்று இரண்டு வார்த்தை. அப்படி ஓர் இடத்தில் அவர் முன்பும் ஒரு தடவை நின்றிருக்கிறார். வாய் திறந்தது.

“இல்ல சார்” என்றார் நாகையா.

“அப்ப எடுத்திடுங்க. நான் எடுத்தா நல்லா இருக்காது. பெட்டியைத் தூக்கறதுக்கு முன்னால நீங்களே எடுத்திடுங்க.”

நாகையாதான் எடுத்தார். போட்ட கையாலேயே எடுத்தார். பட்டாளத்தில் கற்றுக்கொடுத்தபடி விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தார். கை பழகிய வேலை, அதில் ஒரு பிசகும் வரவில்லை.

“என்ன அங்கிள்?” என்றான் லோகன்.

“ரூல்ஸ்பா” என்றார் நாகையா.

லோகன் குனிந்து பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கினான். கொடி இல்லாத பெட்டி வெளியே வந்தது. எதிர்வீட்டு வேலியிலும் பக்கத்துவீட்டுக் காரிலும் கொடிகள் ஆடிக்கொண்டிருந்தன.

தெருமுனையில் பெட்டியை இறக்கினார்கள். பெண்கள் அதுவரைதான் வருவார்கள். சுற்றி வந்து தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்திவிட்டால் பெட்டி வண்டியில் ஏறிவிடும். ஒருவர் தரையில் ஒரு வெற்றிலையை வைத்து அதன்மேல் கற்பூரத்தை வைத்தார். தீப்பெட்டியை எடுத்தார். வீரம்மா கை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். நேரே நாகையாவிடம் வந்தாள்.

“அண்ணே, நீங்க கொளுத்துங்க” என்றாள். அவள் குரலில் கோபமில்லை, கனமில்லை. சாப்பிடக் கூப்பிடுகிற குரல். “உங்களுக்குத்தான் பழக்கமாச்சே.”

சுற்றி நின்றவர்கள், பழைய சிநேகிதனுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவி ‘பாவம்’ என்றுகூடச் சொன்னாள். கன்னையா அவளிடம் எப்போது சொன்னானோ, அல்லது சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டதோ, யாருக்குத் தெரியும். நாகையா கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மண்டியிட்டார். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது அணைந்தது. மூன்றாவதில் கற்பூரம் பிடித்துக்கொண்டது. நல்ல வெயில், காற்றும் பெரிதாக இல்லை, இருந்தும் அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே குவிந்து அந்தச் சுடரை மறைத்தன. வீரம்மா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டைப் பார்க்கத் திரும்பி நடந்தாள்.

வண்டி போயிற்று. ஆண்கள் கார்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாகையா மண்டியிட்டபடியே இருந்தார். முகுந்தன் வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார், அவர் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். நண்பனுக்காக இந்த மனுஷன் இவ்வளவு பாடுபட்டாரே என்று அவருக்கு உண்மையிலேயே மனசு இளகியிருந்தது.

“கவலைப்படாதீங்க நாகையா” என்றார். “உங்க விஷயத்துல எல்லாம் பக்காவா இருக்கு. ஃபாரம் என்கிட்டயே பத்திரமா வச்சிருக்கேன். கொடி, பியூகிள், தோள் குடுக்க ஆறு பேரு. உங்களுக்கு ஒரு குறையும் வராது.”

“சரி சார்” என்றார் நாகையா.